ஒரு நொடிப் பிழை

புவியின் சுழற்சி சீரானதன்று. அணுக் கடிகாரத்தை அதனோடு இணக்கப்படுத்த, உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது ‘லீப் நொடி’ சேர்க்கப்படுவதுண்டு. 2012 ஜூன் 30 நள்ளிரவில் அவ்வாறு ஒரு நொடி சேர்க்கப்பட்டபோது, லினக்ஸ் இயக்க அமைப்பைக் கொண்ட கணினிகள் பல திணறின.

அவ்வமைப்பின் மையமான கெர்னல், தன் கடிகாரத்தை ஒரு நொடி பின்னுக்கு நகர்த்தியது; அம்மாற்றத்தை நுண்நேரம் கணிக்கும் தன் உட்பிரிவுக்குத் தெரிவிக்கவில்லை. அப்பிரிவின் கணக்கு ஒரு நொடி முந்தியே நின்றது. ஆதலால், அரை நொடிக்குப் பின்வரும் நேரத்தைக் குறித்து உறங்கிய நிரல், அந்நேரம் கடந்துவிட்டதாகக் கருதப்பட்டு உடனே எழுப்பப்பட்டது. மீண்டும் உறங்கியது, மீண்டும் எழுந்தது. செயலி ஓய்வின்றி உழன்றது.

கணினியின் தேதியை மீண்டும் அமைத்ததும் கணக்கு நேரானது. பின்னர், இவ்வேறுபாட்டை உடனுக்குடன் புதுப்பித்துக்கொள்ளுமாறு கெர்னல் திருத்தப்பட்டது. கடிகாரத்தைத் திருத்துவோர், அதனை நம்பி இயங்கும் உறுப்புகள் அனைத்திற்கும் அத்திருத்தத்தை அறிவித்தல் வேண்டும்.