விதைக்கும் முன் ஒரு நீர்க்கணக்கு

கையிருப்பு எவ்வளவு என்று பாராமல் காசோலை எழுதித் தருவோர் அரியர். ஆயினும் நிலத்தடி நீரை நாம் பெரும்பாலும் அப்படித்தான் எடுத்து வருகிறோம். 2024ஆம் ஆண்டின் அரசு மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் ஓராண்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீர் ஏறத்தாழ 245 பில்லியன் கன மீட்டர். அதில் பெரும்பங்கு பாசனத்துக்கே செல்கிறது.

எடுக்கத்தக்க அளவில் இது ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஆனால், நாட்டின் சராசரியைக் கொண்டு ஓர் ஊரின் கிணற்றை மதிப்பிட இயலாது. எனவேதான் மதிப்பீடு வட்டார அளவில் செய்யப்படுகிறது. எடுப்பு 70 விழுக்காடு வரை இருந்தால் பாதுகாப்பானது. 90 வரை மித அபாயம். 100 வரை அபாயம். அதற்கு மேல் அதிநுகர்வு. அதிநுகர்வு வட்டாரம் என்பது, மழை தரும் வட்டியோடு முதலையும் சேர்த்துச் செலவழிக்கும் குடும்பத்தைப் போன்றது.

இக்கணக்கை ஊர் மக்களே கையில் எடுத்த ஓரிடம், மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் (இன்றைய அகில்யாநகர்) உள்ள ஹிவரே பஜார். மழை நிழல் பகுதி. ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 400 மில்லிமீட்டர்தான். அடியில் இருப்பதோ நீரை எளிதில் உள்வாங்காத எரிமலைப் பாறை. 1972ஆம் ஆண்டின் கொடும் வறட்சிக்குப் பின் குன்றுகள் மொட்டையாகி, கிணறுகள் வற்றி, பல குடும்பங்கள் மும்பைக்கும் புணேவுக்கும் பிழைக்கச் சென்றன.

1990ஆம் ஆண்டை ஒட்டி ஊராட்சித் தலைவரான போபட்ராவ் பவாரின் தலைமையில் ஊர் ஒன்றுகூடியது. அரசின் வேலை உறுதித் திட்டத்தையும் தம் உடலுழைப்பையும் சேர்த்து, மக்கள் குன்றுச் சரிவுகளில் சம உயர அகழிகளை வெட்டினர். ஓடைகளில் தடுப்பணைகளும், கசிவுநீர்க் குட்டைகளும் அமைத்தனர். மரம் வெட்டுவதும், கட்டுப்பாடின்றி மேய்ப்பதும் தடுக்கப்பட்டன. ஓடிப்போன நீர் நின்று இறங்கியது. கிணறுகளில் மட்டம் உயர்ந்தது.

பல ஊர்களில் வெற்றிக்கதை இங்கேதான் தடுமாறுகிறது. நீர் பெருகியதும் அதிக நீர் கேட்கும் பயிர் வருகிறது. அடுத்தவரை விட ஆழமாகத் துளையிடும் போட்டி வருகிறது. நிலத்தடி நீர் நிலவுடைமையோடு ஒட்டியது என்னும் கருத்து 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டக் காலத்திலிருந்தே வேரூன்றியுள்ளது. நீரோ வயல் வரப்பை அறியாது. ஒருவர் ஆழப்படுத்தினால் அண்டையாரின் கிணறு வற்றும். அவர் வாங்கிய கடன் மட்டும் வற்றாது.

ஹிவரே பஜார் இவ்விடத்தில் தன் கையைத் தானே கட்டிக்கொண்டது. பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு தோண்டக்கூடாது; கரும்பும் வாழையும் பயிரிடக்கூடாது என்று ஊர்ச்சபை முடிவு செய்தது. மழைமானியும் கிணற்று மட்டமும் காட்டும் அளவைக் கொண்டு ஆண்டுதோறும் நீர்க்கணக்கு போடப்படுகிறது. மக்களின் குடிநீருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கீடு, எஞ்சியதற்கேற்பவே பயிர். மழை பொய்த்த ஆண்டில் குளிர்காலப் பயிரின் பரப்பு சுருக்கப்படுகிறது. ஆதாயம் மிகுந்த பயிரைக் கைவிடுவது எந்த உழவருக்கும் எளிதன்று. அனைவரும் ஒருசேரக் கைவிட்டதாலேயே எவரும் தனித்து இழக்கவில்லை.

கணக்கின் அடிப்படை எளியது. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர் நீர். 400 மில்லிமீட்டர் பெய்தால் 40 லட்சம் லிட்டர். அதில் ஆவியாவதும் வழிந்தோடுவதும் போக, பாறைப் பாங்கான மண்ணில் ஆழத்துக்கு இறங்குவது சிறு பங்கே. நாம் செலவிடத்தக்கது அப்பங்கு மட்டுமே.

ஆழ்குழாய்க் கிணற்றுக்கோ மோட்டாருக்கோ கடன் பெற எண்ணும் வாடிக்கையாளர்கள், முதலில் தம் வட்டாரம் எவ்வகையில் உள்ளது என்பதை நிலத்தடி நீர்த் துறையில் கேட்டறிதல் நலம். மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று மட்டத்தைக் கயிறு கொண்டேனும் அளந்து குறித்து வைக்கலாம். சில ஆண்டுக் குறிப்புகள் ஒன்றுசேர்ந்தால், இன்னும் ஆழமாகத் தோண்டுவதா, சொட்டுநீருக்கும் குறைந்த நீர்ப் பயிருக்கும் மாறுவதா என்பதைத் துணிய அவையே போதிய சான்றாகும். அக்குறிப்பேடு ஊர்ச்சபையின் மேசைக்கு வரும்போது, தனி ஒருவரின் கிணறு ஊரின் பொதுச் சேமிப்பாக மாறத் தொடங்கும்.