மீக்கடத்திக் கம்பி எவ்வளவு மின்னோட்டம் தாங்கும்?

மீக்கடத்திக் கம்பி மின்தடையின்றிக் கடத்தக்கூடிய உச்ச அளவு மின்னோட்டத்துக்கு மாறுநிலை மின்னோட்டம் என்று பெயர். 1911-இல் ஹாலந்தின் லைடன் நகரில், 4.2 கெல்வின் வரை, அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த பாதரசத்தில் மின்தடை மறைவதைக் இயற்பியலாளர் காமர்லிங் ஓன்ஸ் கண்டார். மின்னோட்டம் ஓர் எல்லையைத் தாண்டினால் மின்தடை திரும்பிவிடுவதையும் அடுத்த சில ஆண்டுகளில் அவரே கண்டறிந்தார்.

வெப்பநிலை ஏற ஏற அந்த எல்லை இறங்கும். காரணம் கம்பிக்குள்ளேயே இருக்கிறது. நயோபியம்-டைட்டானியம் போன்ற கம்பிகளில் காந்தப்புலம் மெல்லிய இழைகளாக ஊடுருவி நிற்கும். உலோகத்தின் நுண்ணிய குறைகள் அந்த இழைகளை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். பாயும் மின்னோட்டமோ அவற்றைத் தள்ளும். வெப்பம் கூடினால் பிடி தளரும். இழைகள் நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும், கம்பி சூடாகும். காந்தப்புலம் இல்லாதபோதும் சுமார் 9.2 கெல்வினில் இக்கம்பியின் மீக்கடத்துத்திறன் முற்றிலும் மறைந்துவிடும்.

இந்த எல்லையை அளக்க நான்கு முனை முறை பயன்படுகிறது. கம்பியின் இரு நுனிகள் வழியே மின்னோட்டம் செலுத்தப்படும். உட்புறம் பொருத்திய வேறு இரு முனைகளில் மின்னழுத்தம் அளக்கப்படும். இதனால் நுனி இணைப்புகளின் மின்தடை கணக்கில் சேராது. மின்னோட்டத்தை மெல்ல உயர்த்தும்போது, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட் மின்னழுத்தம் தோன்றும் அளவே பல ஆய்வகங்களில் மாறுநிலை மின்னோட்டமாகக் கொள்ளப்படுகிறது.

வெப்பநிலையை நிலைநிறுத்துவதுதான் கடினம். திரவ நைட்ரஜன் 77 கெல்வினிலும், திரவ ஹீலியம் 4.2 கெல்வினிலும் கொதிக்கும். இவற்றின் ஆவியைப் பம்பு வைத்து இறைத்தால் வெப்பநிலை மேலும் இறங்கும். இடைப்பட்ட வெப்பநிலைகளுக்குக் குளிர்ந்த ஹீலியம் வாயுவும் சிறு சூடேற்றியும் வேண்டும். இணைப்புகளில் எழும் வெப்பம் கம்பியைச் சூடாக்கினால், வெப்பநிலைமானி ஒன்று காட்டும், கம்பி வேறொன்றில் இருக்கும். அதனால் வெப்பநிலைமானி கம்பியை ஒட்டியே பொருத்தப்படுகிறது. மின்னோட்டமும் சில சமயம் நொடிப்பொழுது மட்டுமே செலுத்தப்படுகிறது.

பல வெப்பநிலைகளில் கிடைத்த அளவுகளை வரைபடமாக்கினால், குறிப்பிட்ட காந்தப்புலத்தில் நயோபியம்-டைட்டானியத்தின் கோடு ஏறக்குறைய நேராகச் சரியும். ஜெனீவா அருகே உள்ள பெரும் ஹாட்ரான் மோதுவி என்ற துகள் முடுக்கியின் இருமுனைக் காந்தங்கள் 1.9 கெல்வினில் சுமார் 11,850 ஆம்பியரைச் சுமக்க வடிவமைக்கப்பட்டவை. ஒன்றிரண்டு கெல்வின் கூடினாலே அவை மீக்கடத்தும் நிலையை இழந்துவிடும். அந்த இடைவெளி எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்வது இந்த வரைபடம்தான்.