இணைய முகவரியைப் பிரித்தறிவோம்



கடித உறையில் அனுப்புநர் பெயரும் இருக்கும். பெறுநர் பெயரும் இருக்கும். ஆயினும், பெறுநர் பெயர் எழுதப்படும் இடத்தைப் பார்த்துத்தான் அஞ்சல்காரர் கடிதத்தைச் சேர்ப்பிக்கிறார். இணைய முகவரியும் அத்தகையதே. அதில் ஒரு பெயர் இருக்கிறதா என்பதைவிட, எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம்.

எச்டிடிபிஎஸ்://நூல்.சிங்கப்பூர்/கதை?பக்கம்=5#முடிவு என்னும் கற்பனை முகவரியை எடுத்துக்கொள்வோம். முக்காற்புள்ளிக்கு முன் நிற்பது தொடர்பு முறை. இரு சாய்கோடுகளுக்குப் பின் வருவது நாம் தேடிச் செல்லும் கணினியின் பெயர். அடுத்த சாய்கோடு முதல் கேள்விக்குறிவரை அதனுள் செல்லும் வழி. கேள்விக்குறிக்குப் பின் நம் வேண்டுகோள். # குறிக்குப் பின் பக்கத்தின் உட்பகுதி.

இவற்றை நிரலில் பிரித்தெடுக்க உதவுவதே ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனும் குறித்தொடர். அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி 1950களில் இதற்கு அடிப்படை வகுத்தார். இதைக் கொண்டு கணினியில் எழுத்துகளைத் தேடும் முறையை 1968இல் கென் தாம்சன் விளக்கினார்.

//([^/?#]*) என்ற தொடரைப் பாருங்கள். சதுர அடைப்பினுள் முதலில் நிற்கும் ^ குறிக்கு ‘இவை அல்லாதவை’ என்பது பொருள். * குறிக்கு ‘எத்தனை வரினும்’ என்பது பொருள். ஆகவே, இரு சாய்கோடுகளுக்குப் பின், அம்மூன்று குறிகளுள் ஒன்று வரும்வரை உள்ள எழுத்துகளைப் பிறை அடைப்பு பிடித்துத் தருகிறது. 2005இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3986 எனும் முகவரித் தர ஆவணத்தின் பிற்சேர்க்கையில், இத்துண்டை உள்ளடக்கிய முழுத்தொடரையே காணலாம்.

இனி, ஆபத்தைக் கவனிப்போம். எச்டிடிபிஎஸ்://வங்கி.சிங்கப்பூர்@களவு.காம்/ என்று ஒருவன் நமக்கு முகவரி அனுப்புகிறான் எனக் கொள்வோம். வங்கியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் தேடும் நிரல் இதனை நம்பிவிடும். ஆனால், @ குறிக்கு முன் இருப்பது பயனர் பெயர். நாம் சென்றடைவதோ களவு.காம்! மேற்கண்ட தொடர் இரண்டையும் சேர்த்தே பிடிக்கும். ஆதலால் @ வரை உள்ளதையும், இறுதியில் முக்காற்புள்ளியுடன் எண் இருந்தால் அதனையும் நீக்க வேண்டும்.

எஞ்சியதை ^வங்கி\.சிங்கப்பூர்$ என்பதோடு ஒப்பிட வேண்டும். அடைப்புக்கு வெளியே ^ தொடக்கத்தையும் $ முடிவையும் குறிக்கும். $ இல்லையேல் வங்கி.சிங்கப்பூர்.களவு.காம் நுழைந்துவிடும். புள்ளிக்கு முன் \ இல்லையேல் அப்புள்ளி எந்த எழுத்தையும் ஏற்கும்.

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய நிரல்மொழிகளில் முகவரியைப் பிரிப்பதற்கென்றே கருவிகள் உள்ளன. பாதுகாப்பு தேவைப்படும் இடங்களில் அவற்றைக் கொண்டே பிரித்து, பின்னர் ஒப்பிடுவதே நலம்.

பெயரைக் கண்டதும் கதவைத் திறந்துவிடாமல், அது நிற்கும் இடத்தையும் பார்த்துத் திறப்போமாக.