ஒரே தட்டு, நான்கு குழந்தைகள்

அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. நெமிலிச்சேரியில் அத்தகைய மழலையர் வகுப்பு ஒன்றை நான் கவனித்து வருகிறேன்.

சண்டை வரக்கூடாதென்று முன்பு ஆளுக்கொரு கிண்ணத்தில் பாட்டில் மூடிகளைக் கொடுப்பேன். வகுப்பு அமைதியாக இருக்கும், பேச்சும் இருக்காது. ஒருநாள் கிண்ணங்கள் போதவில்லை. நான்கு குழந்தைகளுக்கு நடுவே 14 மூடிகளுடன் ஒரே தட்டை வைத்தேன்.

"அவனுக்கு மட்டும் நிறைய!" என்று ஒரு குழந்தை அழத் தொடங்கியது. பிரித்துக் கொடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் இன்னொரு குழந்தை, "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று சுற்றிச் சுற்றி வைத்தது. ஆளுக்கு 3 வந்தது, 2 மிஞ்சியது. நால்வரும் பேசி, அந்த இரண்டையும் தங்கள் மூடிவீட்டுக்குக் கதவாக வைத்தார்கள்.

ஒன்றுக்கொன்று பொருத்துதல், சமமாகப் பங்கிடுதல், பேசித் தீர்த்தல் மூன்றும் அங்கே நடந்தன. பின்னாளில் வகுத்தல் கணக்கில் ஈவு, மீதி என்று நாம் சொல்லித் தருவதும் இதைத்தான்.

ஆளுக்கொன்று கொடுத்திருந்தால் அந்தப் பங்கீட்டை நானே செய்து முடித்திருப்பேன். ஆகவே, பொருளைக் குழுவுக்குக் கொடுங்கள். அடிதடி ஆகாதவரை காத்திருங்கள். முடிந்ததும், "எப்படிப் பிரிச்சீங்க?" என்று கேளுங்கள்.