கப்பலுக்குள் ஒரு நெடுஞ்சாலை

சொகுசுக் கப்பலின் நீச்சல் குளத்தையும் நடன அரங்கையும் பயணிகள் எல்லோரும் பார்க்கலாம். கீழ்த்தளங்களில் ஊழியர்களின் உழைப்பைப் பார்க்கத் தனிக் கட்டணச் சுற்று உண்டு. கார்னிவல், ராயல் கரீபியன், பிரின்சஸ் நிறுவனங்களின் பல கப்பல்களில் இந்தச் சுற்று நடக்கிறது. சமையற்கூடம், சலவைக்கூடம், இயந்திரக் கட்டுப்பாட்டு அறை, கேப்டன் கப்பலைச் செலுத்தும் அறை எனச் சில மணி நேரம் அழைத்துச் செல்கிறார்கள்.

கப்பலின் நீளவாக்கில் ஓடும் ஊழியர் நடைபாதைக்குப் பல கப்பல்களில் 'ஐ-95' என்று பெயர். அமெரிக்கக் கிழக்குக் கரை நெடுஞ்சாலையின் எண் அது! காய்கறிப் பெட்டிகளும் துணி மூட்டைகளும் அதில் ஓயாமல் நகர்கின்றன. பல கப்பல்களில் குடிநீரின் பெரும்பகுதியும் கப்பலிலேயே கடல்நீரிலிருந்து தயாராகிறது.

இந்தச் சுற்றில் இடங்கள் குறைவு. கப்பல் ஏறுபவர்கள் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். விரல் மூடிய காலணியை மறக்காதீர்கள்!