சரக்கு வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால்...

கொள்முதலுக்குச் சொந்த வண்டி வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் பலர். ஓட்டுவது டிரைவர், செலவு நம்முடையது. ஆகவே ஸ்டியரிங்குக்கு முன்னால் எரியும் விளக்குகளை நாமும் அறிந்திருப்பது நல்லது.

பொதுவாகச் சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் விரைவில் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். மிக முக்கியமானது எண்ணெய்க் குவளைப் படம். ஓடும்போது இது எரிந்தால் ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். "மண்டி இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் பேரிங் தேய்ந்து இஞ்சினே பிடித்துக்கொள்ளும். உடனே ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்க்கவும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வதே சிக்கனம். தாமதத்துக்கு முதலாளி திட்டுவார் என்று பயந்தே பல டிரைவர்கள் நிறுத்துவதில்லை. அந்தப் பயத்தை நாம்தான் போக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் பிரேக் விளக்கு எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். லோடுடன் நகர்த்த வேண்டாம். பேட்டரிப் படம் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை, பெல்ட்டைப் பார்க்கவும். சூடு ஏறினால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது, வெந்நீர் முகத்தில் அடிக்கும்.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்திற்கு: சாவியைத் திருப்பியதும் ஆயில் விளக்கு எரிந்து, இஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.