யூதர்களின் அரசன்: ஷகால் வரைந்த சிலுவை

சிலுவை ஓவியங்களைப் பார்க்க நான் ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். வழக்கமாக அவற்றில் என்னென்ன இருக்கும் என்று முதலில் ஒரு பட்டியல். தலையில் முள்முடி, இடுப்பில் ஒரு துணி, மேலே அழும் தேவதூதர்கள், காலடியில் மரியாளும் யோவானும், சில சமயம் ஒரு மண்டை ஓடு. அப்புறம் இதில் எது மாறியிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று தேட வேண்டியதுதான்.

மார்க் ஷகால் 1938-இல் வரைந்த 'வெள்ளைச் சிலுவைப்பாடு' ஓவியத்தில் ஏறக்குறைய எல்லாமே மாறியிருக்கிறது. ஷகால் இன்றைய பெலாரஸில் 1887-இல் பிறந்த யூதர். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இந்த ஓவியம் இப்போது சிகாகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இடுப்புத் துணி இருக்கிறது. ஆனால் அது வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட, யூத ஆண்கள் தொழுகையின்போது போர்த்திக்கொள்ளும் ஜெபச் சால்வை. முள்முடி இல்லை, தலையில் ஒரு துணிதான் சுற்றியிருக்கிறது. தேவதூதர்கள் பறக்க வேண்டிய இடத்தில் யூத முதியவர்கள் மிதந்தபடி அழுகிறார்கள். காலடியில் மரியாளும் இல்லை, யோவானும் இல்லை. அங்கே எரிவது மெனோரா என்னும் யூதர்களின் கிளை விளக்கு. இயேசுவின் தலைக்குப் பின்னால் இருப்பது போலவே அந்த விளக்கைச் சுற்றியும் ஓர் ஒளிவட்டம்.

உடலை இறக்குவதற்குச் சாத்தும் ஏணியும் இருக்கிறது. அதில் ஏறத்தான் ஆளில்லை. எல்லோரும் உயிர் பிழைக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள்!

சிலுவையைச் சுற்றிலும் பாருங்கள். இடப்பக்கம் செங்கொடியோடு வரும் கூட்டம், எரிகிற, தலைகீழாகக் கவிழ்ந்த வீடுகள், படகில் தப்பிப்போகும் அகதிகள். வலப்பக்கம் தீப்பிடித்த ஜெபாலயம். கீழே ஒருவர் தோரா சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார், ஒரு தாய் குழந்தையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். இதெல்லாம் கற்பனை இல்லைங்க. மியூனிக்கிலும் நியூரம்பர்கிலும் பெரிய ஜெபாலயங்களை இடித்ததும், நவம்பரில் ஜெர்மனி முழுக்க ஜெபாலயங்களுக்குத் தீ வைத்ததும் அதே 1938-இல்தான்.

சரி, ஒரு யூதர் ஏன் சிலுவையை வரைய வேண்டும்? கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குச் சிலுவை ஆறுதல் தரும் சின்னமாக இருந்ததில்லை. 'இயேசுவைக் கொன்றவர்கள்' என்ற பழி நூற்றாண்டுகளாக அவர்கள் தலைமேல் இருந்தது. 1903-இல் கிஷினேவ் நகரத்தில் யூதர்கள் மீதான படுகொலை தொடங்கியது ஈஸ்டர் பண்டிகை நாளில். ஒட்டுமொத்த யூதர்கள் மேலும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது 1965-இல்தான்.

இந்தப் பின்னணியில் ஷகாலின் சிலுவை ஒரு கேள்வியாகவே எனக்குத் தெரிகிறது. 'நீங்கள் யாரைக் கொல்கிறீர்கள் என்று தெரிகிறதா?' ஜெபாலயத்தை எரிப்பவன் ஒருவேளை ஞானஸ்நானம் பெற்றவனாக இருக்கலாம். அவன் வணங்கும் கடவுளோ அந்த ஜெபாலயத்தில் தொழுத ஒரு யூதர். ஷகால் கிறிஸ்தவச் சின்னத்தைக் கேலி செய்யவும் இல்லை, தானே கிறிஸ்தவராக மாறவும் இல்லை. அந்தச் சின்னத்துக்குள் மறக்கப்பட்டுக் கிடந்த உண்மையை வெளியே எடுத்து வைத்தார், அவ்வளவுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. கீழே இடது ஓரத்தில் நிற்கும் மனிதரின் மார்பில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் ஜெர்மன் மொழியில் 'நான் ஒரு யூதன்' என்று முதலில் எழுதியிருந்தது. ஜெபாலயத்தருகே நிற்கும் வீரனின் கைப்பட்டையில் ஸ்வஸ்திகா இருந்தது. இரண்டையும் ஷகாலே பின்னாளில் வண்ணம் பூசி மறைத்தார். 1941-இல் அவரே அமெரிக்காவுக்குத் தப்பிப்போக வேண்டியிருந்ததை நினைத்தால், அந்தக் காலத்தின் நெருக்கடி நமக்குப் புரியும்.

ஆனால் ஒரு பலகையில் மட்டும் எழுத்து அப்படியே இருக்கிறது. சிலுவையின் உச்சியில், 'நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசன்' என்று எபிரேய எழுத்துகளிலும் எழுதியிருக்கிறார். ரோமானியர்கள் ஏளனத்துக்காக மாட்டிய பலகை அது. தன் மக்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில் ஷகால் அந்த வரியின் ஏளனத்தை நீக்கிவிட்டு, அதை அப்படியே உண்மையாக எடுத்துக்கொண்டார்.